ஊட்டி சீசன் – வந்தவர்கள் விடுமுறையும் ஊர்க்காரர்கள் திருவிழாவும்



நம் கல்லூரியில் படித்துவிட்டு ஊட்டி பார்க்காதவர் யாரேனும் இருந்தால் அவருக்கு மலர்க் குழு சார்பில் ஒரு பரிசே கொடுக்கலாம். மழை விட்ட காலையில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றால் வடக்கே நீலமாகத் தெரியுமே, அந்த மலைதான். பரீட்சை முடிந்தால் ஊட்டி, அரியர் கிளியர் ஆனால் ஊட்டி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி ஊட்டி. நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் நாலு வருஷமும் எனக்குப் பெயரே 'ஊட்டி'தான். ஏப்ரல் பிறந்தால் போதும், சீனியரிலிருந்து லேப் அட்டெண்டர் வரைக்கும் ஒரே கேள்வி: "ஊட்டி, ஒரு ரூம் சொல்லேன்!"

நீங்கள் பார்த்தது இரண்டு நாள் ஊட்டி. மீதி 363 நாள் ஊட்டி ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு நாளுக்காக மீதி நாட்கள் எப்படி வளைந்து கொடுத்தன என்பதுதான் அந்த ஊரின் சரித்திரம் என்பது என் கட்சி. நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பம்பு டிசைன் செய்து பிழைக்கிறவன். ஆகவே தண்ணீரும் ரோடும் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'சீசன்' என்ற வார்த்தை. மற்ற ஊர்களில் வெயில் காலம், மழைக் காலம் என்பார்கள். எங்கள் ஊரில் முதல் சீசன், இரண்டாம் சீசன். முதலாவது ஏப்ரல், மே. இரண்டாவது செப்டம்பர், அக்டோபர். மளிகைக் கடைக் கணக்கு, வீட்டு வாடகை உயர்வு, சீட்டுப் பணம், சில வீடுகளில் கல்யாணத் தேதி கூட இதை வைத்துத்தான். "சீசன் முடிஞ்சதும் தர்றேன்ணா" என்று கடன் வாங்கினவர் சொன்னால் கொடுத்தவர் மறுபேச்சுப் பேசமாட்டார். ஜூன் மாதம் இருவர் சந்தித்தால் முதல் விசாரிப்பு "சீசன் எப்படி?" என்பதுதான். உடம்பு சௌக்கியம் எல்லாம் அப்புறம்.

இந்த சீசன் இயற்கை தந்தது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். இல்லை. சர்க்கார் தந்தது.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் மலை ஏறினார். அப்போது ஊட்டி என்ற டவுன் கிடையாது. தோடர்களின் மந்துகளும், அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளியும், பள்ளங்களில் சோலைகளும் இருந்தன. மலையின் மற்றப் பக்கங்களில் படுகர்களின் ஹட்டிகளும் கோத்தர்களின் ஊர்களும் இருந்தன. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. உதகமண்டலம் என்ற பெயரிலேயே அந்த மந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. சலிவன் 1822 வாக்கில் ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். 'கல் பங்களா' என்று ஜனங்கள் சொன்ன அதே ஸ்டோன் ஹவுஸ். பிறகு ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். உருளைக்கிழங்கு, கோஸ், காரட் என்று இன்று நாம் 'இங்கிலீஷ் காய்' என்கிறோமே, அந்த வகைகள் மலையில் வேர் பிடித்ததும் அந்தக் காலத்தில்தான்.

கீழே சமவெளியில் காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் உடம்பு தேற ஓர் இடம் வேண்டியிருந்தது. ஊட்டி முதலில் அப்படி ஓர் ஆரோக்கிய ஸ்தலமாகத்தான் வளர்ந்தது. 1826இல் கவர்னர் தாமஸ் மன்றோ வந்து பார்த்தார். 1830இல் செயின்ட் ஸ்டீபன் சர்ச். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்து எடுத்து வந்த மரங்கள். அடுத்த தடவை போனால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பாதிப் பேர் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1834இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் இங்கே தங்கியிருந்தபோது, கப்பலில் வந்து சென்னையில் இறங்கிய மெக்காலே நேராக இந்த மலைக்குத்தான் வந்து அவரைச் சந்தித்தார்.

1870 வாக்கில் விஷயம் உத்தியோகபூர்வமாயிற்று. வெயில் தொடங்கியதும் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு வரும். கவர்னர் வந்தால் செக்ரட்டரிகள் வரவேண்டும், செக்ரட்டரிகள் வந்தால் ஃபைல்கள் வரவேண்டும், ஃபைல்கள் வந்தால் கிளார்க்குகளும் டவாலிச் சேவகர்களும் வரவேண்டும். மாதக்கணக்கில் மாகாணத்தின் தலைநகர் ஊட்டிதான். இதற்கு ஆகும் செலவைக் குறித்து இந்தியப் பத்திரிகைகள் கடுமையாகவே எழுதின. நியாயம்தானே? தஞ்சாவூரில் வெள்ளம் என்றாலும் கடப்பையில் பஞ்சம் என்றாலும் உத்தரவு ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்கி வரவேண்டும். வேட்டி, கோட்டு, தலைப்பாகையோடு பட்டணத்திலிருந்து வந்து, குளிரில் விரல் விறைத்துப் போய் நகல் எழுதிய குமாஸ்தாக்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். துரைமார்களின் ஊட்டி வாழ்க்கையைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்தக் குமாஸ்தாக்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார்கள், எந்த மெஸ்ஸில் சாப்பிட்டார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிப்பேன்.

துரைமார்களுக்குப் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. குதிரைப் பந்தயம், நரி வேட்டை (நரி என்றால் உண்மையில் குள்ளநரி), நாடகம், நடனம், இந்தியர்களுக்கு இடம் இல்லாத கிளப். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882இல் அந்த ஊட்டி கிளப்பில்தான் எழுதி ஒட்டப்பட்டன. எழுதியவர் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி. பின்னாளில் பிரதம மந்திரியானவர் வேறு, இவர் வேறு. 1866லேயே முனிசிபாலிடி வந்துவிட்டது. 1848இல் மெக்ஐவர் என்பவர் பொறுப்பேற்று அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில், 1896இல் முதல் மலர்க் கண்காட்சி நடந்தது. இன்று 'ஃபிளவர் ஷோ' என்றால் சீசனின் உச்சம். 2025 மே மாதம் நடந்தது 127ஆவது.

இங்கே ஒரு தொழில் ரகசியம். மே மாதத்தில் நீங்கள் பார்க்கிற பூவுக்கு வேலை தொடங்குவது அதற்குப் பல மாதம் முன்னால், நடுக்கும் குளிரில். விதைப்பு, நாற்று, தொட்டி மாற்றல் எல்லாம் உறைபனிக் காலத்தில். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்தரை வெள்ளை வெளேரென்று உறைந்துவிடும். இளம் நாற்று ஒரே ராத்திரியில் கருகிப் போகும். கோத்தகிரி மிலார் என்று சொல்லும் செடிக் கொப்புகளை வெட்டி வந்து பூங்காத் தொழிலாளர்கள் செடி செடியாக மூடி வைப்பார்கள். விடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். கண்காட்சியில் கோப்பை வாங்குகிறவர்கள் பெயர் பேப்பரில் வரும். கொப்பு மூடியவர்கள் பெயர் வராது.

இனி நம்ம சப்ஜெக்ட். இவ்வளவு பேரும் மேலே வருவது எப்படி?

ஆரம்பத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாகப் பாதை. 1830களில் குன்னூர் கணவாய் வழி வந்தது. பல்லக்கு, மட்டக்குதிரை, தலைச்சுமை. 1871இல் வண்டி போகிற மாதிரி புதிய குன்னூர் மலைப்பாதை தயாரானது. ரயில் யோசனை 1854லேயே வந்தாயிற்று. ஆனால் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் வண்டி ஓடியது 1899 ஜூன் மாதம்தான்; ஊட்டி வரை வந்து சேர 1908. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் சுமார் 12½க்கு 1. வெறும் இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வைத்து அந்த ஏற்றம் ஏறினால் வழுக்கிவிடும். எனவே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரட்டைப் பட்டை. ஒரு பட்டையின் பல்லுக்கு எதிரே அடுத்த பட்டையின் இடைவெளி வரும்படி தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பினியன் இதில் கடித்துக் கடித்து ஏறும். எப்போதும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும் என்பதுதான் ஆப்ட் என்ற சுவிஸ் இன்ஜினியரின் சாமர்த்தியம். இன்ஜின் முன்னால் இருந்து இழுக்காது; கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன். பல்சக்கரப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள், சுமார் 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இந்த ரயில் தன்னால் முடிந்த அளவு ஆட்களைத்தான் ஏற்றும். சில நூறு பேர், அவ்வளவுதான். அந்தக் காலத்து ஊட்டி அந்த அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை. கவர்னரின் பரிவாரம், கொஞ்சம் பணக்காரர்கள், சில மகாராஜாக்கள். அதற்குத் தக்க ரோடு, அதற்குத் தக்க குடிநீர்.

சுதந்திரத்துக்குப் பிறகு சீசன் மட்டும் அப்படியே நின்றது, துரைகள் போய் நாம் வந்தோம். இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு காலத்தில் பியூனாக மட்டுமே உள்ளே போக முடிந்த இடங்களுக்குச் சேலத்து நெசவாளியும் மதுரை வாத்தியாரும் பிள்ளைகளோடு வந்து போட்டோ எடுத்துக்கொள்வது நல்ல விஷயம். சேரன் பஸ்கள் வந்தன. சினிமா வந்தது. 1982இல் 'மூன்றாம் பிறை' வந்த பிறகு கேத்தி ரயில் நிலையத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். 1995இல் ரோஜாப் பூங்கா. அப்புறம் கார்கள்... சொந்தக் கார்கள்.

அதே சமயம் ஊருக்குள் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சுற்றுலாக்காரர்கள் கவனிக்காத மாற்றம். எங்கள் பெரியவர்கள் தலைமுறையில் சீசனை நம்பாத சம்பளங்கள் நிறைய இருந்தன. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை 1904 முதல் ஓடுகிறது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடியும் சங்கு கேட்டு ஊரே கடிகாரம் திருத்திக்கொள்ளும். எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் எல்லாம் அங்கே பூச்சுப் பூசி வந்தவை. கிராமங்களில் படுக விவசாயிகள் உருளைக்கிழங்கிலிருந்து மெல்லத் தேயிலைக்கு மாறியிருந்தார்கள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். வாரா வாரம் இலை பறித்து ஃபாக்டரிக்குக் கொடுத்தால் மாதம் பிறந்ததும் பணம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த நம் ஜனங்களுக்காக 1968இல் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது, அதுதான் டான்டீ.

1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் பறிகூலிக்குக் கட்டாத அளவுக்கு. அடுத்தாற்போல டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் தொழிலையே துடைத்துவிட்டது. 2010களில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. இலையை நம்பினவரும் ஃபிலிமை நம்பினவரும் என்ன செய்வார்கள்? டாக்சி வாங்கினார்கள். வீட்டின் மாடியை 'காட்டேஜ்' ஆக்கினார்கள். ஹோம்மேட் சாக்லெட் கடை வைத்தார்கள். வர்க்கி, தைலம், ஸ்வெட்டர் விற்றார்கள். (ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வாங்கும்போது அன்று சுட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.) முன்னே சம்பளத்தின் மேல் கூடுதல் வருமானமாக இருந்த சீசன், பல வீடுகளுக்கு முழு வருமானமாகிவிட்டது. பேராசையில் ஊரைக் கெடுத்துவிட்டார்கள் என்று கோயம்புத்தூர் கல்யாண வீடுகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குச் சுருக்கென்று வரும். வேறு கதவு சாத்தியிருந்தபோது திறந்திருந்த கதவு இது ஒன்றுதான்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! நீலகிரிக்கு மழை ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் – நவம்பரில் வடகிழக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை எட்டிப் பார்த்தால் உண்டு. ஊட்டிக்குக் குடிநீர் தருவதில் பெரியது பார்சன்ஸ் வேலி. அதோடு மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா, கோரிசோலை, கோடப்பமந்து என்று சின்னச் சின்னத் தேக்கங்கள். இவை எல்லாவற்றிலும் நீர்மட்டம் அடியில் கிடப்பது பருவமழைக்குச் சற்று முன்னால், அதாவது சரியாக மே மாதத்தில். ஊரில் தலைகள் அதிகம் இருப்பதும் அதே மாதத்தில். பீக் டிமாண்டும் மிகக் குறைந்த சப்ளையும் ஒரே தேதியில் வருகிற சிஸ்டத்தை நம் புரொஃபசர் எவராவது பாஸ் போட்டிருப்பாரா? எங்கள் தெருவில் மே மாதம் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் வரும் என்பது அம்மாமார்களின் தினசரிப் பேச்சு. அதே வாரம் மெயின் ரோட்டு லாட்ஜ்களுக்கு லாரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்.

ஏரியின் கதையும் இதுதான். நீர்த் தேவைக்கு என்று சலிவன் அமைத்த ஏரி. அதன் பரப்பை மண் போட்டுத் தூர்த்துத்தான் குதிரைப் பந்தய மைதானம் வந்தது, பஸ் ஸ்டாண்டு வந்தது. பஸ்ஸை விட்டு நீங்கள் இறங்கி நிற்பது பழைய ஏரிக்குள்ளே! ஊர்க் கழிவு கோடப்பமந்து கால்வாய் வழியாக மிச்ச ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதில்தான் ஜாலியாகப் படகு விட்டோம். குடிக்கிற தண்ணீருக்கு ஊர் மேலே மேலே மலையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

மலைக்குத் தாங்கும் சக்தி குறைவு என்று மலையே பலமுறை சொல்லிவிட்டது. 1978, 79 நிலச்சரிவுகள், 1993இல் மரப்பாலம், 2009 நவம்பரில் 40க்கும் மேற்பட்ட உயிர்கள். 1993இல் மாஸ்டர் பிளான் வந்து கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்று எல்லை போட்டார்கள். பிளாஸ்டிக் தடையில் தமிழ்நாட்டுக்கே எங்கள் மாவட்டம் முன்னோடி. போலீஸ்காரர்கள் சீசனில் ஒருவழிப் பாதை செய்வார்கள். ஏறுவது பர்லியாறு, குன்னூர் வழி. இறங்குவது கோத்தகிரி வழி. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு குழாயும் ஒரே தொட்டியில்தானே திறக்கின்றன!

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளில் 20,000 வாகனங்கள் வரை வருகின்றன என்று அங்கே கணக்குச் சொல்லப்பட்டது. வண்டிக்கு நாலு பேர் என்று மனக்கணக்குப் போட்டால் 80,000. எல்லோரும் ஊட்டிக்கே வருவதில்லைதான், என்றாலும் 2011 சென்சஸ்படி ஊட்டி டவுனின் ஜனத்தொகை 88,430 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே வரம்பு: நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்களுக்கும் விலக்கு. வியாபாரிகள் ஏப்ரல் 2 அன்று கடையடைப்பு நடத்தினார்கள்.

என் பள்ளித் தோழர்களில் இரண்டு கட்சியும் உண்டு. டாக்சி ஓட்டுகிற ஒருவன், "நீ கோயம்புத்தூர்ல உக்காந்துட்டு கணக்குப் போடறே, இஎம்ஐ நான்டா கட்டறேன்" என்றான். மறுக்க முடியவில்லை. டீச்சராக இருக்கிற இன்னொரு தோழி, "இந்த மே மாசந்தான் மார்க்கெட் வரைக்கும் நடந்து போய் நடந்து வந்தேன்" என்றாள். அதையும் மறுக்க முடியவில்லை. என் சொந்த அபிப்பிராயம்: வரம்பு வேண்டும். ஆனால் வரம்பை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டால் அந்தப் பளு முழுதும் டாக்சிக்காரன் தலையில் இறங்கும். தேயிலைக்கு ஒரு கட்டுப்படியான விலையும், கீழிருந்து மேலே வர நிறைய அரசு பஸ்களும் இல்லாமல் கேட்டை மட்டும் சாத்துவது அரைவாசி டிசைன்.

2020, 2021 கோடைகள் நினைவிருக்கும். கொரோனா. சீசனே இல்லை, ஃபிளவர் ஷோ இல்லை. வீட்டிலிருந்தே வேலை என்று நான் ஊட்டியில்தான் இருந்தேன். மலை அழகாக இருந்தது. சேரிங் கிராஸில் காட்டெருமை நிற்கிற படங்கள் போனில் சுற்றின. பார்த்து ரசித்தவர்கள் எல்லாம் சம்பளம் வந்துகொண்டிருந்தவர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குதிரை வைத்திருந்தார். சவாரிக்கு ஆள் இல்லை, தீனி வாங்கப் பணம் இல்லை. தெருவில் அவரவர் முடிந்ததைக் கொடுத்தோம். அந்தத் தெருவில் தமிழ், கன்னடம், மலையாளம், படுகு எல்லாம் பேசுகிற வீடுகள் உண்டு. சீசன் நாட்களில் ஆளுக்கொரு திசையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம்.

சரி, இந்த ஊர்க்காரர்களுக்குப் பண்டிகையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, நிறைய உண்டு. அதற்கு வேறு காலண்டர்.

சீசன் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் மாரியம்மன் கோவில் திருவிழா. மேல் பஜார், கீழ் பஜார் எல்லாம் சேர்ந்த கடைவீதிக் கோவில். செவ்வாய்ச் சந்தைக்குச் சமவெளியிலிருந்து வந்த வியாபாரிகள் காலத்தில் வந்து அமர்ந்ததாகச் சொல்லும் மாரியும் காளியும் ஒரே கருவறையில். மார்ச்சில் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தார் உபயம். படுகர்களுக்கு ஒரு நாள், கேரளக்காரர்களுக்கு ஒரு நாள், கன்னடம் பேசுகிறவர்களுக்கு ஒரு நாள்... ஊரில் யார் யார் எங்கிருந்து வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள முனிசிபாலிடி ரெக்கார்டைப் புரட்ட வேண்டாம், அந்த உபயப் பட்டியலைப் பார்த்தால் போதும். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை தேர். தேரின் மேல் ஜனங்கள் உப்பை அள்ளி வீசுவார்கள். ரோடெல்லாம் உப்பு. கூட்டத்தில் ஒன்றிரண்டு டூரிஸ்டுகள் ஒன்றும் புரியாமல் தலையில் விழுந்த உப்பைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். மே மாதம் காந்தல் குருசடித் திருவிழா. எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவர்த்தி வாங்கிப் போவோம்.

பெரிய பண்டிகைகள் எல்லாம் குளிர் காலத்தில். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ முத்தநாடு மந்தில் தோடர்களின் மொற்பர்த். பல மந்துகளிலிருந்தும் ஆண்கள் வந்து, கூம்பு வடிவ மூன்போ கோவிலில் வணங்கி, கை கோத்து ஆடிப் பாடி, இளவட்டக்கல் தூக்குவார்கள். நமது பொறியியல் மூளைக்கு அந்தக் கோவிலின் கூரை ஒரு பாடம். மூங்கில், பிரம்பு, புல் தவிர வேறில்லை. கோத்தர்களுக்குக் கம்பட்டராயர் திருவிழாவும் இதையொட்டித்தான். டவுனில் கிறிஸ்துமஸ். கேரல்ஸ் பாடுகிற பிள்ளைகள் உறைபனியில் வாய்ப்புகை விட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வீடு சுடச்சுட வர்க்கியும் டீயும்.

மார்கழிப் பௌர்ணமியை அடுத்த திங்கட்கிழமை படுகர்களின் ஹெத்தை ஹப்பா. கோத்தகிரி பக்கம் பேரகணியில் பெரிய அளவில் நடக்கும். வெள்ளை முண்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக ஆண்கள், வெள்ளைச் சேலையில் பெண்கள், ஹட்டி ஹட்டியாகக் கிளம்பி மலைப்பாதையில் நடந்தே வருவார்கள். தேயிலையின் பச்சைக்கு நடுவே அந்த வெள்ளை வரிசை ஊர்ந்து வருவதை எதிர் மலையிலிருந்து பார்க்க வேண்டும். சென்னையில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் அன்றைக்கு லீவு போட்டு வந்துவிடுவார்கள். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஃபிளவர் ஷோவுக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு, அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் வீட்டில் இருப்பதில்லை, எல்லோருக்கும் வேலை. ஹெத்தை ஹப்பா அன்றுதான் கடை அடைத்திருக்கும், டாக்சி நின்றிருக்கும், அதை ஓட்டுகிறவன் வெள்ளை உடுத்திக்கொண்டு அவன் ஹட்டியில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பான்.

போன ஜனவரியில் நம் பேட்ச் நண்பர்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அரசு பஸ்ஸில்தான். உறைபனியில் காது விறைத்துப் போய் ஒருவன் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். சாப்பாட்டுப் பந்தியில் எங்களை யார் என்றே கேட்காமல் உட்கார வைத்து இலை போட்டார்கள். திட்டினவன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.